மிதிக்கூலி

“தாயே, கஜானா காலி. நாட்டை எழுதிக் கொடுக்கப் போகிறார்கள். நான் என்ன செய்வேன்?”

கேட்டவர் அழகியநம்பி. கீழைத்துறை நாட்டின் நிதி அமைச்சர். அறுபது வயது. தலைப்பாகையைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டு மணலில் உட்கார்ந்திருந்தார்.

எதிரில் இருந்தவர் பிராட்டியம்மாள். அமைச்சரைவிடப் பதினைந்து வயது இளையவர். கடற்கரையில் ஒரு கீற்றுக் கொட்டகை போட்டுக்கொண்டு, வருகிறவர்களுக்குக் கஞ்சி ஊற்றுவார். கேட்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை சொல்வார். பெரும்பாலும் கஞ்சியோடு நின்றுவிடும்.

“யாருக்கு எழுதிக் கொடுக்கிறார்கள்?”

“கப்பல் வணிகர் ஒருவர் வந்திருக்கிறார். துறைமுகத்தையும் உப்பளங்கள் அத்தனையையும் முப்பது வருஷத்துக்குக் கேட்கிறார். பத்தாயிரம் பொன் தருகிறாராம். தைப்பூசத்துக்குள் வேறு வழி சொல், இல்லாவிட்டால் முத்திரை வைத்துவிடுவேன் என்கிறார் அரசர். இன்னும் பன்னிரண்டு நாள்தான் இருக்கிறது.”

“வழி ஏதாவது தெரிந்ததா?”

அமைச்சர் இடுப்பிலிருந்து ஓர் ஓலையை உருவினார்.

“வீண் செலவை எல்லாம் அடித்துவிட்டேன். முதல் வரியே மிதிக்கூலி. அறுநூறு பேர், தாயே! மார்கழி பாதி போனால் வெறும் உப்புப் பாத்திக்குள் இறங்கி, இருபது நாள் இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்குமாக நடக்கிறார்கள். தண்ணீர் கட்டுகிறவனுக்குக் கூலி, சரி. உப்பு வாருகிறவனுக்குக் கூலி, சரி. நடப்பதற்கு யாராவது கூலி கொடுப்பார்களா?”

“அடுத்த வரி?”

“ஓடைப் பாலம். பாதி கட்டிக் கிடக்கிறது. நிறுத்திவிடலாம். எனக்கு உங்கள் ஆசி மட்டும் போதும். நாளைக்கே முரசறைந்து அறிவித்துவிடுவேன்.”

பிராட்டியம்மாள் கண்ணை மூடிக்கொண்டார். உதடு மட்டும் அசைந்தது. யாருக்காக வேண்டிக்கொண்டார் என்று தெரியவில்லை.

“ஆசி தருகிறேன். அதற்கு முன்னால் என் பாத்தியில் செய்து பாருங்கள்.”

அவருக்கென்று ஒரே ஒரு உப்புப் பாத்தி உண்டு. அதில் விளைகிற உப்பைக் கொடுத்துத்தான் வருஷம் முழுக்கக் கஞ்சிக்கு அரிசி வாங்குவார்.

“இந்த வருஷம் அதை யாரும் மிதிக்க வேண்டாம். நீங்களே தண்ணீர் கட்டுங்கள். மிச்சம் கண்ணுக்குத் தெரிந்தால் மற்ற பாத்திக்கும் அப்படியே செய்துவிடலாம்.”

அமைச்சர் குழந்தை மாதிரி மகிழ்ந்துபோனார்.

அன்று மத்தியானமே வாய்க்காலைத் திறந்துவிட்டார். கடல் தண்ணீர் கணுக்கால் அளவுக்குப் பாத்தியை நிறைத்தது.

“பாருங்கள் தாயே, எப்படி நிற்கிறது!”

“நிற்கட்டும்.”

மறுநாள் காலையில் பாத்தியில் தண்ணீர் இல்லை. ஈரமணல்தான் இருந்தது. ஒரு நண்டு குறுக்கே ஓடியது.

“மடையைச் சரியாக அடைக்கவில்லை,” என்றார் அமைச்சர். தாமே களிமண் பிசைந்து மடையை அடைத்து, மறுபடியும் தண்ணீர் கட்டினார்.

அடுத்த நாளும் மணல்தான்.

“வெயில் குடித்துவிட்டது.”

“தை மாசத்து வெயிலா?” என்று கேட்டுவிட்டுப் பிராட்டியம்மாள் அவருக்குக் கஞ்சி ஊற்றினார்.

மூன்றாம் நாள் அமைச்சருக்குக் கோபம் வந்தது.

“யாரோ திருடுகிறார்கள்!”

அடுத்த பாத்தியில் பெண்கள் வரிசையாக நின்று மிதித்துக்கொண்டிருந்தார்கள். அந்த வரிசைக்குத் தலைவி சடைச்சி. அவளுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை.

“கடல் தண்ணியத் திருடுறதுக்கு ஆளு வருமா ஐயா? கடல் அந்தா கெடக்கு. பூட்டுகூடப் போடல.”

வரிசை முழுக்கச் சிரித்தது.

அமைச்சர் விடவில்லை. மறுபடியும் தண்ணீர் கட்டி, ஒரு காவலனைப் பாத்திக் கரையில் நிறுத்திவிட்டுப் போனார். காலையில் வந்து பார்த்தால் பாத்தி காய்ந்து கிடக்கிறது. காவலன் பக்கத்திலேயே நிற்கிறான்.

“யார் வந்தது?”

“யாரும் வரலைங்க.”

“பின்னே தண்ணீர் எங்கே?”

“எறங்கிப் போச்சுங்க. என் கண்ணு முன்னாலயேதான் எறங்கிச்சு.”

“பார்த்துக்கொண்டு சும்மாவா நின்றாய்?”

“யாரைங்க பிடிக்கிறது?”

அமைச்சர் திரும்பி நடந்தார். அந்தண்டை சடைச்சியின் வரிசை போன வாரமே மிதித்து முடித்த பாத்தி ஒன்று இருந்தது. அங்கே போய்க் குந்தி உட்கார்ந்தார். அதில் ஏழு நாளாகத் தண்ணீர் நின்றது. இரண்டு கொக்குகள் அதில் தங்கள் நிழலைப் பார்த்துக்கொண்டிருந்தன.

கையை விட்டுத் தரையைத் தொட்டுப் பார்த்தார். சுட்ட ஓடு மாதிரி இருந்தது.

“இருபது நாள் மிதித்தால் இப்படி ஆகிவிடுமா?”

“சும்மா மிதிச்சா ஆகாது ஐயா,” என்றாள் சடைச்சி. “ஒரு அடிக்கும் மறு அடிக்கும் நடுவுல விரல் நுழையக் கூடாது.”

அமைச்சர் கொட்டகைக்குத் திரும்பி வந்தார். பிராட்டியம்மாள் விளக்குத் திரி திரித்துக்கொண்டிருந்தார்.

“உங்கள் வருஷத்து அரிசியைப் போக்கிவிட்டேனே, தாயே.”

“இன்னும் போகவில்லை. இன்றைக்கு இறங்கினால் மாசி பிறந்து கொஞ்ச நாளில் முடித்துவிடலாம்.”

“கூலிக்கு நான் எங்கே போவேன்?”

“மிதிக்கிறவர்களைக் கேட்டுப் பாருங்கள்.”

கேட்டார். சடைச்சி இடுப்பில் கையை வைத்துக்கொண்டு நின்றாள்.

“தாயார் பாத்திக்குக் கூலி யாரு கேட்டா? அவுக கஞ்சி குடிக்காத ஆளு இந்தக் கரையில உண்டா? ஆனா ஒரு ஆளு கொறையுது. வரிசைக்கு இருவது பேர் வேணும்.”

அமைச்சரைத் தலையிலிருந்து பாதம்வரை பார்த்தாள்.

“ஐயாவுக்குக் கால் ரெண்டும் நல்லாத்தான இருக்கு?”

அமைச்சர் பிராட்டியம்மாளைத் திரும்பிப் பார்த்தார். அவர் திரியிலிருந்து கண்ணை எடுக்கவே இல்லை.

வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினார்.

முதல் நாள் முட்டி வலித்தது. இரண்டாம் நாள் குதிகால் வெடித்தது. மூன்றாம் நாள் சடைச்சி திட்டினாள்.

“ஐயா, எட்டி வைக்கிறீக. ஊர்வலமா போறோம்? குதிகாலை அழுத்துங்க. நீங்க விட்டுட்டுப் போற எடத்துலதான் தண்ணி போகும்.”

“சரியம்மா, சரி.”

மிதிக்கும்போது வாய் சும்மா இருக்காது. அமைச்சர் தம் மனசில் கிடந்ததைச் சொன்னார்.

“போன வருஷம் வியாழக்கிழமைச் சந்தை வரி ஏன் பாதியாகக் குறைந்தது என்று இரண்டு மாதமாக ஓலைகளைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன். ஒன்றும் பிடிபடவில்லை.”

“அதுக்கு எதுக்கு ஓலை? என்னையக் கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேனே.”

“உனக்குத் தெரியுமா?”

“போன வருஷம் எங்களுக்குப் பாதிக் கூலிதான குடுத்தாக. எதைக் கொண்டு சந்தைக்குப் போறது? நாங்க போகலன்னு சேலைக்காரர் வரல. சேலைக்காரர் வரலன்னு சட்டிபானைக்காரர் வரல. கருவாட்டுக்காரி மட்டும் வந்தா. அவளும் கருவாட்டை அவளே தின்னுட்டுப் போனா.”

வரிசை சிரித்தது. அமைச்சர் சிரிக்கவில்லை. கூலியைப் பாதியாக்கிய ஓலையில் இருந்தது அவருடைய முத்திரை.

“இந்த வருஷம் அதுவும் கிடையாதாமே ஐயா? பூசத்தன்னைக்குத்தான் எங்களுக்குக் கூலி நாள். வரலன்னா அக்கரை நாட்டுக்குப் போயிடுறதுன்னு பேசி வச்சிருக்கோம். இவ மட்டும் பொறவு வருவா. நெறமாசம்.”

பக்கத்தில் மிதித்துக்கொண்டிருந்த பெண் தன் வயிற்றைத் தொட்டுக்கொண்டாள்.

அமைச்சர் தலையைக் குனிந்து மிதித்தார். அன்றைக்குத்தான் அவர் அடியில் ஓர் இடைவெளியும் இல்லை என்று சடைச்சி பிறகு சொன்னாள்.

நான்காம் நாள் முற்பகல். பட்டுக் குடையோடு மூன்று பேர் கரைமேல் வந்தார்கள். நடுவில் வந்தவர் அந்தக் கப்பல் வணிகர். வாங்கப் போகிற உப்பளத்தை ஒரு தடவை பார்த்துவிட்டுப் போக வந்திருந்தார்.

அமைச்சர் தலையில் துண்டு. முழங்கால்வரை சேறு. முகத்திலும் சேறு. வணிகர் அவரை அரண்மனையில் இரண்டு முறை பார்த்தவர்தான். இப்போது அடையாளம் தெரியாமல் தாண்டிப் போனார்.

மிதித்து முடித்த பாத்திக்கு வந்ததும் வணிகர் செருப்பைக் கழற்றினார். தண்ணீருக்குள் இறங்கிக் குதிகாலால் ஓங்கி ஒரு குத்துக் குத்தினார். தரை அசையவில்லை. அவர் முகம் மலர்ந்தது.

“யாரம்மா இதை மிதித்தது?”

“நாங்கதான்,” என்றாள் சடைச்சி.

“மொத்தம் எத்தனை பேர்?”

“அறுநூறு.”

“ஒருத்தரும் வேறு நாட்டுக்குப் போய்விடாதீர்கள். பூசம் கழிந்ததும் எல்லாரையும் நான் வைத்துக்கொள்கிறேன். இரட்டைக் கூலி.”

சடைச்சி ஓரக்கண்ணால் அமைச்சரைப் பார்த்தாள்.

“இரட்டைக் கூலியா? எங்க அமைச்சரு ஒத்தைக் கூலியே தண்டம்ங்கறாராமே.”

வணிகர் வாய்விட்டுச் சிரித்தார்.

“அவரைச் சொல்கிறாயா? அவர் நூறு வருஷம் நன்றாக இருக்க வேண்டும் அம்மா. தினமும் அவருக்காகச் சாமி கும்பிடுகிறேன்.”

“ஏன் சாமி?”

“அவர் ஒவ்வொரு வரியாக அடிக்க அடிக்க எனக்கு விலை குறைகிறது. அதோ அந்தப் பாலத்தைப் பார். போன ஐப்பசியில் ஓடை பெருகி வண்டி போக முடியாமல் முப்பது குவியல் உப்பு மழையில் கரைந்ததே, உனக்கு ஞாபகம் இருக்கிறதா?”

“நாங்க வாரின உப்புல்ல. எப்படி மறக்கும்?”

“பாலம் இருந்திருந்தால் அத்தனையும் வண்டி ஏறியிருக்கும். அந்த முப்பது குவியல் மட்டும் ஐயாயிரம் பொன் பெறும். நான் வந்ததும் முதல் வேலை பாலம்தான். இரண்டு மழைக்காலம் தாண்டினால் நான் கொடுத்த பொன் என் கைக்கு வந்துவிடும். மிச்சம் இருபத்தெட்டு வருஷமும்...”

அவர் வார்த்தையை முடிக்காமல் வானத்தைப் பார்த்துக் கும்பிட்டார்.

மிதித்துக்கொண்டிருந்த வரிசை நின்றுபோயிருந்தது. ஒரே ஒருவர் மட்டும் நிற்காமல் மிதித்துக்கொண்டிருந்தார். வணிகர் அவரைப் பார்த்தார்.

“பெரியவரே! வயசான காலத்தில் உங்களுக்கு எதற்கு இந்தப் பாடு? நீங்களும் என்னிடம் வந்துவிடுங்கள். நிழலில் உட்கார்ந்து செய்கிற வேலையாகத் தருகிறேன்.”

யாரோ ஒருத்தி களுக்கென்றாள். சடைச்சி அவளை முழங்கையால் இடித்தாள்.

“எனக்கு வேலை இருக்கிறது ஐயா,” என்றார் அமைச்சர்.

“இதுவா வேலை?”

“இதுவும்.”

வணிகர் பரிதாபமாகத் தலையை ஆட்டிவிட்டுக் குடை நிழலில் நடந்துபோனார்.

குடை கண்ணுக்கு மறைகிறவரைக்கும் அமைச்சர் மிதித்துக்கொண்டே இருந்தார். பிறகு கரையேறினார். இடுப்பிலிருந்த ஓலையை எடுத்தார். அது சேறும் வேர்வையும் பட்டு எழுத்துத் தெரியாமல் போயிருந்தது. அதை இரண்டாகக் கிழித்து, கொட்டகை அடுப்புக்குள் போட்டார். உலை கொதித்துக்கொண்டிருந்தது.

“குதிரையைக் கொண்டு வா!” என்று காவலனைக் கூப்பிட்டார்.

சடைச்சி பாத்திக்குள்ளிருந்தே குரல் கொடுத்தாள்.

“ஐயா, பூசத்தன்னைக்குக் கூலி வருமா? வராட்டிச் சொல்லிருங்க. மூட்டை கட்டணும்.”

“கட்டாதே. போன வருஷத்துப் பாதியையும் சேர்த்துக் கேட்கப் போகிறேன்.”

“அரசரு குடுப்பாரா?”

“வணிகர் இரட்டைக் கூலி என்றதையும், பாலம் கட்டினால் இரண்டே மழைக்காலத்தில் பொன் திரும்பும் என்றதையும் அவர் சொன்னபடியே சொல்லப்போகிறேன்.”

பிராட்டியம்மாள் ஒரு குடம் நல்ல தண்ணீரோடு வந்து நின்றார்.

“காலைக் கழுவிக்கொண்டு போங்கள். அரண்மனைத் தரை எல்லாம் பளிங்கு.”

அமைச்சர் வெடித்த குதிகாலைக் குனிந்து பார்த்தார். சேறு கெட்டியாகக் காயத் தொடங்கியிருந்தது.

“வேண்டாம் தாயே. இதைப் பார்த்தால்தான் அரசர் கேட்பார்.”

“என்னவென்று?”

“எங்கே நடந்துவிட்டு வருகிறாய் என்று.”