முப்பது பை ரத்தம்

பெனடிக்ட் சீடராகச் சேர்ந்தபோது அவருக்கு ஐம்பத்திரண்டு வயது. குருவுக்கு முப்பத்தைந்து.

குருவின் பெயர் ரெஹானா. கோவையில் அந்த ரத்த வங்கி நிறுவனத்தின் கணினிப் பிரிவில் எல்லோரும் அவரை டீச்சர் என்றுதான் கூப்பிடுவார்கள். பெனடிக்ட்டும் அப்படித்தான் கூப்பிட்டார். கேலிக்காகத் தொடங்கியது, சீக்கிரமே கேலி போய் மரியாதை மட்டும் மிஞ்சியது.

நிறுவனத்துக்குக் கோவை, மதுரை, திருநெல்வேலி என்று மூன்று ஊர்களில் ரத்த வங்கி. ஊருக்கு ஒரு கிளஸ்டர், அதாவது அந்த ஊர்ச் செயலிகள் எல்லாம் ஓடும் கணினிக் கூட்டம். ஒன்றுக்கொன்று பேச்சு வார்த்தை கிடையாது. கோவையில் ஒருவர் ஆபரேஷன் மேஜையில் கிடந்தால், அவருக்கான ரத்தம் மதுரையில் இருக்கிறதா என்று அறிய யாராவது போனைத் தூக்க வேண்டும்.

மூன்றையும் ஒரே சர்வீஸ் மெஷ்ஷாகக் கட்டும் வேலையை பெனடிக்ட் தானாகக் கேட்டு வாங்கினார். அதுவரை பிரிண்டர் பார்த்துக்கொண்டிருந்தவர். வெள்ளிக்கிழமை காலை இணைப்பு திறக்காவிட்டால் வேலை வெளி நிறுவனத்துக்குப் போகும், நீங்கள் பிரிண்டருக்குப் போகலாம் என்று டைரக்டர் முகத்துக்கு நேராகச் சொல்லியிருந்தார். மனிதருக்கு அது உறைத்திருந்தது.

மெஷ் என்பது பெரிய மந்திரம் ஒன்றுமில்லை. ஒவ்வொரு செயலியோடும் ஒரு காவல்காரனை ஒட்டிவிடுவது, அவ்வளவுதான். யார் பேச வந்தாலும் அவன் சர்டிபிகேட் கேட்பான். அதில் இருப்பது தெரிந்த கையெழுத்துதானா என்று பார்ப்பான். பிறகுதான் உள்ளே விடுவான்.

டீச்சர் சொல்லிக்கொடுத்தபடி கோவையில் நிறுவினார் பெனடிக்ட். முதல் முயற்சியிலேயே ஓடியது. அந்தக் குஷியில் அதே கட்டளைகளை மதுரையிலும் திருநெல்வேலியிலும் ஓட்டிவிட்டார். திரையில் ஊருக்குள் இணைப்பு எல்லாம் பச்சை. ஊர் விட்டு ஊர் பேசச் சொன்னால் மட்டும் சிவப்பு. வியாழக்கிழமை மதியம் வரை தலையைப் பிய்த்துக்கொண்டார். அப்புறம் ஒரே ஒரு வரியை மாற்றினார். மூன்று ஊரும் பச்சையாகிவிட்டன.

நேராக டீச்சரிடம் போனார்.

"முடிஞ்சிட்டு டீச்சர். வந்து பாருங்க."

ரெஹானா வந்து பார்த்தார். எந்த வரி என்று கேட்கவில்லை. தன் லேப்டாப்பை எடுத்துவந்து பக்கத்தில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் எதையோ தட்டிக்கொண்டிருந்தார். பெனடிக்ட் பாராட்டுக்காகக் காத்திருந்தார்.

"ஓ நெகட்டிவ் எங்கிருக்குன்னு தேடிப் பாருங்கண்ணா."

தேடினார். கோவையில் இல்லை, திருநெல்வேலியில் இல்லை. மதுரையில் முப்பது பை. பெனடிக்ட்டுக்குப் பெருமை பிடிபடவில்லை. இதற்காகத்தானே இத்தனை பாடு என்றார்.

"மதுரைக்கு ஒரு போன் போடுங்க."

மதுரை வங்கியில் அங்கயற்கண்ணி எடுத்தார். பல வருஷமாக அங்கே ரத்தப் பைகளை அடுக்கிவைப்பவர்.

"ஓ நெகட்டிவா? இருந்த ரெண்டு பையும் நேத்தே போயிருச்சே சார். முப்பதுன்னு யாரு சொன்னது? அம்புட்டு இருந்தா நான் ஏன் இப்படிப் பொலம்பிக்கிட்டு இருக்கேன்."

பெனடிக்ட் போனை வைத்தார். திரையில் முப்பது பை அப்படியே இருந்தது, பச்சையாக.

"மதுரைன்னு பேரு வெச்சுட்டு இந்த லேப்டாப்ல இருந்து முப்பதுன்னு சொன்னது நான்தாங்கண்ணா," என்றார் ரெஹானா. "நீ யாருன்னு ஒருத்தரும் கேக்கல."

பெனடிக்ட் மாற்றிய வரி அதுதான். ஊர் விட்டு ஊர் வருபவர்களிடம் சர்டிபிகேட்டைச் சரிபார்க்க வேண்டாம் என்று காவல்காரர்களிடம் சொல்லியிருந்தார். இல்லாத ரத்தத்தைத் தேடி ஓர் ஆம்புலன்ஸ் மதுரைக்குப் போய்த் திரும்புவதை நினைத்துப் பார்த்தார். அவருக்கு வெட்கமாக இருந்தது.

ரெஹானா எழுந்து போய்விட்டார். அந்த வரியை மாற்று என்றும் சொல்லவில்லை, விடு என்றும் சொல்லவில்லை.

வெள்ளிக்கிழமை காலை டைரக்டர் வந்தபோது திரை சிவப்பாக இருந்தது. பெனடிக்ட் தானே வரியைப் பழையபடி மாற்றிவைத்திருந்தார். நேற்று பச்சையாக இருந்ததையும், அது எப்படிப் பச்சையானது என்பதையும், முப்பது பை கதையையும் ஒன்று விடாமல் சொன்னார். டைரக்டர் கோபத்தில் வெளி நிறுவனத்தின் பெயரை இரண்டு தடவை எடுத்தார். பெனடிக்ட்டின் குரல் தழையவில்லை. திங்கட்கிழமை வரை கொடுங்கள், பொய் சொல்லாத பச்சையைக் காட்டுகிறேன் என்றார். டைரக்டர் அவரை ஏற இறங்கப் பார்த்துவிட்டு, திங்கட்கிழமை என்று சொல்லிப் போனார்.

அப்புறம்தான் பெனடிக்ட் டீச்சரிடம் கேட்க வேண்டிய கேள்வியைக் கேட்டார்.

"மதுரை சர்டிபிகேட்டை கோவை ஏன் ஏத்துக்க மாட்டேங்குது?"

"மூணு ஊர்லயும் தனித்தனியா நிறுவுனீங்க. ஊருக்கு ஒரு ரூட் தானா மொளைச்சிருச்சு. ஒருத்தர் கையெழுத்து இன்னொருத்தருக்குத் தெரியாதுங்களே."

ரூட் என்பது மற்ற சர்டிபிகேட்டுகளுக்கெல்லாம் மேலே இருக்கும் முதல் சர்டிபிகேட். பெனடிக்ட் மூன்று ஊருக்கும் பொதுவாக ஒரே ரூட் செய்தார். அதன் கையெழுத்தோடு ஊருக்கு ஒன்றாக சர்டிபிகேட் கொடுத்தார். மூன்றையும் பழைய ரூட்டிலிருந்து புதியதற்கு மாற்றி முடிக்க ஞாயிறு சாயங்காலம் ஆனது. சிவப்பு ஒவ்வொன்றாகப் பச்சையானது. பழையபடி மதுரை வேஷம் போட்டு வரச்சொல்லி அவரே டீச்சரைக் கேட்டார். ரெஹானா வந்தார். கோவைக் காவல்காரன் உள்ளே விடவில்லை. பெனடிக்ட் வாய்விட்டுச் சிரித்தார்.

திங்கட்கிழமை இணைப்பு திறந்தது. டைரக்டர் கை குலுக்கிவிட்டுப் போன பிறகும் பெனடிக்ட் அந்த ரூட் சர்டிபிகேட்டையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார். அது யாருடையது என்ற இடத்தில் ஒரு பெயர். கையெழுத்துப் போட்டது யார் என்ற இடத்திலும் அதே பெயர்.

"எல்லாத்துக்கும் இது சாட்சி சொல்லுது. இது தனக்குத்தானே கையெழுத்துப் போட்டுக்கிடுதே டீச்சர். இதுக்கு யார் சாட்சி?"

ரெஹானா அந்த ரூட்டின் பெயரில் கையெழுத்துப் போடும் ரகசியச் சாவி இருந்த பென் டிரைவைக் கழற்றினார். அறை மூலையில் இருந்த இரும்பு பீரோவில் வைத்துப் பூட்டினார். பீரோச் சாவியைக் கொண்டுவந்து பெனடிக்ட்டின் கையில் வைத்தார்.

"அதுக்கு மேல மெஷின் எதுவும் கெடையாதுங்கண்ணா. வெள்ளிக்கிழமை காலைல டைரக்டர்கிட்ட உள்ளதை உள்ளபடி சொன்னாரே ஒருத்தர், அவருதான்."