மேளம் அடிக்காமல் வந்த வெள்ளம்

குருவிமலை அடிவாரக் காட்டில் பூபாலன் என்ற நரி நாடகம் போட்டுக்கொண்டிருந்தான். வறண்டு கிடந்த காட்டாற்று மணல்தான் மேடை. கதாநாயகி செவந்தி என்ற முயல். ஆற்றங்கரைச் சரிவில் வளை தோண்டி, மூன்று குட்டிகளோடு குடியிருந்தாள்.

அந்தக் கோடையில் 'ஆதிகாலப் பெருவெள்ளம்' என்ற நாடகம் சக்கைப்போடு போட்டது. உடும்பு முதுகில் பனைமட்டை கட்டிக்கொண்டு ராட்சதப் பல்லியாக வரும். காட்டுப்பன்றி மூக்கில் ஒரு கொடியைத் தொங்கவிட்டுக்கொண்டு, ஆதிகாலத்துச் சடை யானையாக வரும். இரண்டும் கட்டிப் புரளும்போது மரங்கொத்தி பொந்து மரத்தில் மேளம் அடிக்கும். உடனே வெள்ளம் வரும். வெள்ளம் என்றால், குரங்குகள் தள்ளிக்கொண்டு வரும் சருகுக் குவியல்.

செவந்தி மூன்று குட்டிகளையும் அக்குளில் இடுக்கிக்கொண்டு ஆற்றோடு ஓடுவாள். குட்டிகள் என்றால், மூன்று இலவங்காய்கள். பாதி வழியில் நின்று கண்ணீரோடு வசனம் பேசுவாள். பேசி முடிக்கும்வரை வெள்ளம் காத்திருக்கும். பிறகு மறுபடியும் துரத்தும். கடைசியில் அவள்தான் ஜெயிப்பாள்.

இரண்டு கரையிலும் கைதட்டல் காதைப் பிளக்கும். செவந்திக்குத் தலைகால் புரியவில்லை.

பாறை இடுக்கில் வாழ்ந்த வெள்ளையம்மா என்ற நண்டுக்கு மட்டும் இது பொறுக்கவில்லை. ஒருநாள் ஒத்திகை நடுவே, நண்டால் முடிந்த அளவுக்கு நேராக, நரியிடம் போனாள்.

"தம்பி, ராட்சதப் பல்லியும் சடை யானையும் ஒரே காலத்துல வாழ்ந்ததே இல்ல! என் வீட்டுப் பாறையில பல்லி எலும்பு அடியில கிடக்கு. யானைப் பல்லு உச்சியில கிடக்கு. நடுவுல எத்தனை அடுக்கு தெரியுமா?"

"அடுக்கு எண்ணவா அக்கா ஜனம் வருது? ரெண்டும் அடிச்சுக்கிறதைப் பாக்க வருது!"

"சரி, பல்லியை விடு. செத்துப்போனது வந்து சண்டைக்கு நிக்காது. வெள்ளத்தையாவது ஒழுங்காக் காட்டு. தண்ணி மேளம் அடிச்சுட்டு வராது. யாருக்காகவும் நிக்காது. ஆத்தோட ஓடினா ஆளு காலி! பக்கத்துலயே கரை இருக்கு, ஏறணும்!"

"ஏறிட்டா கதை அங்கேயே முடிஞ்சுபோச்சே!"

"குட்டிங்க பிழைச்சுப்போச்சே!"

எல்லோரும் சிரித்தார்கள். செவந்திதான் அதிகம் சிரித்தாள். "உங்களால நேரா ஓட முடியாதுல்ல அக்கா, அந்த வயித்தெரிச்சல்!" என்றாள். வெள்ளையம்மா பாறை இடுக்குக்குத் திரும்பிப் போனாள்.

பத்து நாள் கழிந்தது. ஒரு மத்தியான வேளை. காட்டில் பளீரென்று வெயில் அடித்தது. மலை உச்சி மட்டும் கறுத்திருந்தது. மணலில் ஈரம் கசிந்தது. சருகும் நுரையுமாக ஒரு சின்ன ஓடை நெளிந்து வந்தது. அதைப் பார்த்ததும் வெள்ளையம்மா செவந்தியின் வளைக்கு ஓடிவந்தாள்.

"செவந்தி! மேல மழை கொட்டுது. குட்டிங்களைத் தூக்கிட்டுக் கரையேறு!"

"வெயில் அடிக்குதே அக்கா! மேளமும் கேக்கலையே!"

மரங்கொத்தி அன்று எறும்பு தின்னப் பக்கத்துக் காட்டுக்குப் போயிருந்தது.

அடுத்த நிமிஷம் ஆற்று வளைவில் தண்ணீர் திரும்பியது. செம்மண் நிறத்தில், மரக்கிளைகளை உருட்டிக்கொண்டு வந்தது. மணலில் படுத்திருந்த பூபாலன் துள்ளி எழுந்தான். "ஆத்தோட ஓடுங்க! ஒத்திகை பார்த்த மாதிரியே ஓடுங்க!" என்று கத்திக்கொண்டே முன்னால் பறந்தான். உடும்பும் பன்றியும் பின்னால் பறந்தன.

செவந்தி குட்டிகளை அள்ளப் பார்த்தாள். அக்குளில் ஒன்றுகூட நிற்கவில்லை. இலவங்காய்கள் துள்ளியதில்லை, அம்மா என்று அழுததும் இல்லை. ஒன்றை வாயில் கவ்விக்கொண்டு, பழகிய கால் இழுத்த பக்கம், ஆற்றோடு பத்து எட்டு ஓடினாள். தண்ணீர் அவள் வயிற்றைத் தொட்டது. வேகம் குறையவே இல்லை.

இந்த வெள்ளம் யாருக்காகவும் நிற்காது என்று அப்போதுதான் அவளுக்குப் புரிந்தது. சட்டென்று பக்கவாட்டில் திரும்பிக் கரையேறினாள். குட்டியை மேட்டில் போட்டுவிட்டு மறுபடி இறங்கினாள். இரண்டாவதைக் கொண்டுவந்தாள். மூன்றாவதற்கு இறங்கியபோது வளை வாசலில் தண்ணீர் சுழன்றுகொண்டிருந்தது. "ஐயோ, என் சின்னது!" என்று அலறினாள்.

"இங்க இருக்கு! சீக்கிரம் வா!"

வளைக்குச் சற்று மேலே ஒரு வேர் நீட்டிக்கொண்டிருந்தது. வெள்ளையம்மா ஒரு கொடுக்கால் வேரையும் மறு கொடுக்கால் குட்டியின் காதையும் பிடித்துக்கொண்டு தொங்கினாள். காதில் ரத்தம் வந்தது. குட்டி வீல் வீல் என்று கத்தியது. அந்தக் கத்தல் செவந்திக்கு அமிர்தமாக இருந்தது.

அதையும் கவ்விக்கொண்டு மேட்டுக்கு வந்ததும் செவந்தி குட்டிகளை அணைத்துக்கொண்டு விம்மி விம்மி அழுதாள்.

"எல்லாரும் கைதட்டினாங்க அக்கா. வெள்ளத்தையே ஜெயிச்சுட்டேன்னு நினைச்சுட்டேன்."

"தட்டினவங்க எல்லாம் கரை மேலதானே உக்காந்திருந்தாங்க?" என்றாள் வெள்ளையம்மா.

மூன்றாம் நாள் பூபாலன் வந்து சேர்ந்தான். உடம்பெல்லாம் சேறு. வாலில் பாதி முடி இல்லை. உடும்பும் பன்றியும் ஏழு மைல் தள்ளி ஒரு முள்புதரில் ஒதுங்கிக் கிடப்பதாகச் சொன்னான். பிறகு ஒரு கல்லில் உட்கார்ந்து நீண்ட நேரம் யோசித்தான்.

"இதெல்லாம் ஒரு வெள்ளமா? வெயில் அடிக்கும்போது வருது. நாடகத்துல போட்டா ஒருத்தனும் நம்பமாட்டான்!"

பார்க்க நன்றாக இருக்கிறது என்பதற்காக ஒன்றை உண்மை என்று நம்பி, உண்மை தெரிந்தவரைச் சிரித்து விரட்டினால், ஆபத்து வரும் நாளில் உயிரே போய்விடும்.