உறையில் எழுதியவர்கள்

பெரம்பூர் யூனிஸ் டீச்சரிடம் பாட்டு கற்றவர்களில் இன்னும் சந்தேகம் கேட்டு வருகிறவர் தயாளன் ஒருவர்தான். குருவுக்கு அறுபது வயது, சீடருக்கு நாற்பத்தெட்டு. போட்டிகளுக்கெல்லாம் தயாளனை நடுவராகக் கூப்பிடுகிறார்கள். அவரோ தன் தீர்ப்பைத் தூக்கிக்கொண்டு இங்கே வந்துவிடுவார்.

அன்று காலை வந்தவர் உட்காரக்கூட இல்லை.

“டீச்சர், ரிதம் அண்ட் புளூஸ்னா என்ன?”

“இருபத்தெட்டு வருஷமா அதைத்தானே பாடிக்கிட்டிருக்கே, மேன்?”

“அதனாலதான் கேக்கறேன்.”

விஷயம் இதுதான். ரிதம் அண்ட் புளூஸ் என்ற அமெரிக்கப் பாட்டு வகைக்கான போட்டியில் வியாசர்பாடிப் பெண் சங்கவி இறுதிச் சுற்றுக்கு வந்திருந்தாள். மருந்துக் கடையில் நாள் முழுக்க நின்றுவிட்டுப் பாட வருகிறவள். ஜெயித்தால் அவள் பாட்டுகள் இசைத்தட்டாக வெளிவரும். ஆனால் அவள் பாடியது இந்த வகையே அல்ல என்று தயாளன் எழுதி, கையெழுத்தும் போட்டுவிட்டார். தாள் சட்டைப்பையில் இருந்தது. அதை மத்தியானம் கொடுத்தால் அவள் வெளியே.

“நல்லாத்தான் பாடறா. ஆனா பாதி பேச்சு, மீதி முணுமுணுப்பு. பேருக்குன்னு ஒரு அர்த்தம் வேணாமா டீச்சர்?”

டீச்சர் அலமாரியைத் திறந்தார். ரயில்வே கிளப்பை மூடியபோது அதன் இசைத்தட்டுகளை அவர்தான் காப்பாற்றிக் கொண்டுவந்தார். அந்தக் கிளப்பில் ஒரு வழக்கம். தட்டை வாங்கிப் போனவர்கள், கேட்டு முடித்ததும் உறையில் பென்சிலால் கருத்து எழுதித்தான் திருப்பித் தர வேண்டும். டீச்சர் தன் மாணவர்களையும் அப்படித்தான் பழக்கியிருந்தார்.

“கண்ணை மூடிக்கோ.”

சாக்ஸபோன் சீறிக்கொண்டு வந்தது. எங்கோ அமெரிக்காவில், என்றோ கறுப்பின மக்கள் ஆடிய கூடம் அப்படியே இந்த அறைக்குள் இறங்கியது. தயாளனுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

“இதான் டீச்சர்! இதான்!”

டீச்சர் உறையை நீட்டினார். 1953-இல் பின்டோ என்ற என்ஜின் டிரைவர் எழுதியிருந்தார்: ‘சோகப் பாட்டைக் குதிக்க விட்டுவிட்டார்கள். இது ரிதம் அண்ட் புளூஸ் அல்ல.’

அடுத்த தட்டில் ஒரு பெண் குரலெடுத்தாள். தயாளன் கூடவே தாளம் போட்டார். உறையில் 1968 என்று போட்டு வேறொரு கை எழுதியிருந்தது: ‘சர்ச்சில் பாட வேண்டியதை டான்ஸ் ஹாலுக்குக் கொண்டுவந்துவிட்டார்கள். இது அல்ல.’

மூன்றாவதில் இயந்திர மேளம். அதன் மேல் ஒரு குரல் மிதந்தது. உறையில்: ‘மேளம் அடிக்க ஆளே இல்லை. இது அல்ல.’

“இது யார் எழுதினது?”

“நான்தான். எண்பத்தஞ்சுல. ரெண்டு நாள் சாப்பிடலை, அவ்வளவு கோபம்.”

தயாளன் சிரிக்கப் பார்த்தார். வரவில்லை.

“இந்தப் பேரை யார்தான் வச்சாங்க?”

“தட்டு வித்தவங்க. மொதல்ல பாடினவங்க இனத்தை வச்சே ஒரு பேரு, சொல்லவே கூசிச்சு, மாத்திட்டாங்க. பாடினவங்களை யாரும் கேக்கலை.”

“பாடினவங்க என்ன பண்ணாங்க?”

“பாடிக்கிட்டே இருந்தாங்க.”

கடைசியாக ஒரு கேசட். இரண்டு குரல்கள் ஒன்றையொன்று விடாமல் குழைந்து ஏறின. முதல் வரியிலேயே தயாளன் கண் கலங்கிவிட்டது.

“இதை வச்சுத்தான் டீச்சர் இன்னிக்கு வரைக்கும் எல்லாரையும் அளக்கறேன். அந்தப் பொண்ணையும் இதை வச்சுத்தான்...”

டீச்சர் கேசட் பெட்டிக்குள்ளிருந்து மடித்த துண்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தார்.

‘கொஞ்சுகிறார்கள், சிணுங்குகிறார்கள். தாளம் எங்கே? இது அல்ல.’ 1997. சாய்ந்து சாய்ந்து ஓடும் எழுத்து. தயாளனுடைய எழுத்தேதான்.

எழுதிய ஞாபகம் துளிகூட இல்லை. பாட்டு தன்பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒரு காலத்தில் இதையா வேண்டாம் என்றோம் என்று அவருக்குப் பயமாகக்கூட இருந்தது. கை தானாகச் சட்டைப்பைக்குப் போய், அந்தத் தாளை எடுத்தது.

“இதை என்ன பண்றது டீச்சர்?”

“குடு. அந்தப் பொண்ணோட தட்டு வரட்டும், அதோட உறைக்குள்ள வச்சுடறேன்.”