மயிலைக் காளையின் முதுகில் பொங்கிய மாவு

"நேத்து அந்த ரொட்டியை ஒரு தரம் நக்கிப் பார்த்தேன். நாக்குல சிராய்ப்பு. இன்னும் எரியுது."

கிணற்றடியில் சொங்கி நாய் மயிலைக் காளையிடம் சொல்லிக்கொண்டிருந்தது, புதர் மறைவில் சட்டி துலக்கிக்கொண்டிருந்த செம்பாயியின் காதில் விழுந்தது.

அந்தக் காலத்தில் நாயும் மாடும் மனிதரோடு பேசும். மனிதரைப் பற்றியும் பேசும். அதுதான் சங்கடம்.

"நீ ஏன் நக்கினே?" என்றது காளை. "ராத்திரி கூடாரத்துக்கு முளை அடிக்க ஆளுங்க அதைத்தானே சுத்தியலா எடுத்தாங்க."

"எல்லாம் இன்னும் கொஞ்ச நாளுக்குத்தான். மலையடிச் சந்தையில் ஊருக்குத் திரும்பற கூட்டம் நிக்குமாம். அதோட அந்தப் பிள்ளையை அனுப்பிடணும்னு தவசி பேசிக்கிட்டிருந்தாரு."

செம்பாயியின் கையிலிருந்த சட்டி நழுவித் தண்ணீரில் விழுந்தது.

கடலோரத்து உப்பளத்திலிருந்து மலைநாட்டுக்கு உப்புக் கொண்டுபோய் விற்கிற கூட்டம் அது. தவசிதான் தலைவர். அவருடைய தம்பி காளியனுக்குத்தான் அந்தத் தை மாதம் செம்பாயியைக் கட்டிக்கொடுத்திருந்தார்கள். கூட்டத்தோடு ஒரே ஒரு பெண் போகலாம். அவள் சமைப்பவளாக இருக்க வேண்டும். மற்றப் பெண்களெல்லாம் ஊரிலேயே இருந்து, மழைக்காலத்தில் தாடியும் மீசையுமாக வந்து நிற்கிற புருஷனைப் பார்த்து, "யாரு வேணும்?" என்று கேட்பார்கள். செம்பாயிக்கு அப்படிக் கேட்க விருப்பமில்லை. "எனக்கு நல்லா ரொட்டி சுடத் தெரியும்" என்று வாய்விட்டுச் சொல்லி, காளியனோடு கிளம்பி வந்துவிட்டாள்.

தெரியும் என்றது பொய்யில்லை. கோதுமை மாவில் பனங்கள் விட்டுப் பிசைந்து, சட்டிக்குள் வைத்து, மேலும் கீழும் தணல் போட்டுச் சுட்டால் அவள் ரொட்டி தலையணைபோல உப்பி வரும். ஆனால் அந்த மாவு பொங்க வேண்டுமென்றால் ஒரு பகல் முழுக்க இதமான சூட்டில் ஆடாமல் அசையாமல் தூங்க வேண்டும். இந்தக் கூட்டமோ விடியுமுன் கிளம்பி, பொழுது சாயும்போதுதான் நிற்கும். பசியோடு வந்து உட்காருகிறவர்களிடம், "மாவு இனிமேல்தான் தூங்கணும்" என்று சொல்ல முடியுமா? பிசைந்த கையோடு சுட்டுப் போட்டாள். ரொட்டி கல்லாக வந்தது.

நாய் பேசியதைக் கேட்டதற்கு அடுத்த நாள் அவள் மாவை விடியற்காலையிலேயே பிசைந்து உப்புப் பொதிகளுக்கு நடுவில் செருகி வைத்தாள். மாலையில் எடுத்துப் பார்த்தால் மாவு முன்பைவிடச் சின்னதாகிக் கிடந்தது. உப்பு அதன் உயிரை உறிஞ்சிவிட்டிருந்தது. மறுநாள் காளியன் தலையில் துணி சுற்றி, அதன்மேல் மாவுக் கூடையை வைத்துக் கட்டினாள்.

அந்தக் காலத்தில் வண்டியை மனிதர்தான் இழுப்பார்கள். மாட்டைப் பூட்டிப் பார்க்காமல் இல்லை. அன்றைய மாட்டுக்குக் கழுத்திலிருந்து வால்வரை முதுகு பலகைபோல வழவழவென்றிருக்கும். நுகத்தடியைக் கழுத்தில் வைத்தால் நாலடி போவதற்குள் இடுப்புக்கு வழுக்கிக்கொண்டு போய்விடும். அதனால் மாடுகள் முதுகில் உப்பைச் சுமந்தன. பாத்திரமும் விறகும் கூடாரத் துணியும் ஏற்றிய ஒற்றை வண்டியைக் காளியன் இழுத்தான்.

உச்சி வெயிலில் மாவு பொங்கியது. நன்றாகத்தான் பொங்கியது. பொங்கிக் கூடை விளிம்பைத் தாண்டி, காளியனின் நெற்றியில் இறங்கி, இரண்டு கண்ணையும் மூடியது. வண்டி நேராகக் குளத்துக்குள் போய் நின்றது.

"செம்பாயி," என்றான் காளியன், இடுப்பளவு தண்ணீரில் நின்றபடி, "நீ ஊருக்குப் போயிடக் கூடாதுன்னு உன்னைவிட எனக்குத்தான் ஆசை. ஆனா தலை வேண்டாம்."

குளக்கரையில் ஈரத்துணிகளைக் காயப்போட்டபோதுதான் அவள் மயிலைக் காளையின் முதுகைப் பார்த்தாள். அகலமான முதுகு. கையை வைத்தால் இதமான சூடு. மயிலை ஓட்டமும் குதியும் தெரியாத மாடு. சோம்பேறி நடை நடக்கும். அதன் நடையில் தண்ணீர்ச் சொம்பு வைத்தாலும் தளும்பாது.

"மயிலை, உனக்கு முதுகுவலின்னு சொல்லிக்கிட்டே இருப்பியே."

"வலிதான். உப்பு சுமக்கிறவனுக்குத்தான் தெரியும்."

"உப்பு வேண்டாம். ஒரு கூடை மாவு மட்டும் சுமக்கிறியா? ஆடக் கூடாது, உருளக் கூடாது, மாவைத் தொடக் கூடாது. சாயங்காலம் முதல் ரொட்டி உனக்கு."

மயிலை யோசிப்பதுபோல நடித்தது. "உனக்காகத்தான் சம்மதிக்கிறேன்" என்றது.

தவசி முகத்தைச் சுளித்தார். "ஒரு மாட்டுப் பொதியை மத்த மாடுங்க தலையில கட்டணுமா, தாயி?"

"ஒரு நாள் பாருங்க, பெரியத்தான்."

மறுநாள் மாலை கூடைத் துணியை விலக்கியபோது மாவு பச்சைக்குழந்தையின் வயிறுபோல மெத்தென்று எழும்பியிருந்தது. ரொட்டி வெந்த வாசனைக்கு, கூடாரம் கட்டிக்கொண்டிருந்தவர்கள் கயிற்றைப் பாதியில் விட்டுவிட்டு வந்தார்கள். கூடாரம் தவசியின் மேல் விழுந்தது. அவர் துணிக்குள்ளிருந்தே கையை நீட்டி ஒரு ரொட்டி வாங்கிக்கொண்டார். சிறிது நேரம் கழித்து மறுபடியும் கை நீண்டது.

"எப்படி இருக்குது, பெரியத்தான்?"

"உப்பு கொஞ்சம் கம்மி" என்றது துணி.

ஆனாலும் அவர் பிடியை விடவில்லை. "சந்தை வரைக்கும் ஒருவேளைகூடத் தவறக் கூடாது. தவறினா, ஊருக்கு அனுப்பறதாச் சொன்னது சொன்னதுதான்" என்றார்.

தவறவில்லை. ஒவ்வொரு மாலையும் சூடான ரொட்டி வந்தது. முதல் ரொட்டி மயிலைக்குப் போனது. செம்பாயி பாட்டுப் பாடிக்கொண்டு மாவு பிசைய ஆரம்பித்தாள். கெட்டுப்போனது மயிலையின் மனசுதான். சந்தைக்கு முந்தின நாள் அது கூட்டத்துக்குப் பின்தங்கி நடந்தபடி சொங்கியிடம் சொன்னது:

"மாவு யார் முதுகிலே பொங்குது?"

"உன் முதுகிலே."

"யார் சூட்டிலே?"

"உன் சூட்டிலே."

"அப்போ ரொட்டி யாருது?"

நாய்க்குக் கணக்கு எந்தப் பக்கம் போகிறதென்று புரிந்தது. "பாதி எனக்குன்னா, உன்னுதுதான்" என்றது. "ஆனா மாவு வேகணுமே?"

"இந்த வெயில் எதுக்குக் காயுது? முதுகிலேயே வேகட்டும்."

வழியில் ஒரு ஆலமரம். அதன் தாழ்ந்த விழுதில் மயிலை உரசியது. கூடை கவிழ்ந்து கீழே விழுந்தது. மாவு விழவில்லை. கொழகொழவென்று முன்னால் நகர்ந்து, கழுத்து முடிந்து முதுகு தொடங்குகிற இடத்தில் குந்திக்கொண்டது. மயிலை நாக்கை இடப்பக்கம் நீட்டியது, எட்டவில்லை. வலப்பக்கம் நீட்டியது, எட்டவில்லை. சொங்கி எம்பி எம்பிப் பார்த்து, மூன்றாம் முறை மாட்டின் காதைக் கடித்துவிட்டது. இந்த ரகளையில் வெயில் தன் வேலையைப் பார்த்தது. மாவு மேலே காய்ந்து இறுகி, அடியில் மயிரோடு மயிராக ஒட்டிக்கொண்டது.

"வெள்ளையாத் தெரியுதே, கண்டுபிடிச்சிடுவாங்க" என்று மயிலை பதறியது.

மரத்தடியில் எவரோ சமைத்துவிட்டுப் போன அடுப்புச் சாம்பல் கிடந்தது. சொங்கி திரும்பி நின்று பின்னங்காலால் அதை வாரி வாரி இறைத்தது. மாவு கருஞ்சாம்பல் நிறமாகிவிட்டது. மயிலையின் கண்ணும்தான்.

மாலையில் செம்பாயி அடுப்பு மூட்டிவிட்டு வந்து பார்த்தாள். கூடை இல்லை.

"மாவு எங்கே?"

"எந்த மாவு?" என்றது மயிலை.

"முதுகிலே என்ன அது?"

"கொசு கடிச்சுது."

"இத்தனை பெரிசாவா?"

"அந்தக் கொசுவை நீ பார்க்கலையே!"

செம்பாயி பிடித்து இழுத்தாள். அது மெத்தென்று ஆடியதே தவிர வரவில்லை. காளியன் இழுத்தான். இன்னும் நாலு பேர் சேர்ந்து இழுத்தார்கள். மயிலைதான் நகர்ந்தது. தண்ணீர் ஊற்றித் தேய்த்தார்கள். கள்ளும் மாவும் ஈரமும் சேர்ந்ததில் அது இன்னும் கொஞ்சம் பொங்கியது.

"பிறக்கும்போதே எனக்கு இது இருந்துச்சு" என்றது மயிலை.

"பாதி என்னுது" என்றது சொங்கி, வாய் தவறி.

அன்று ரொட்டி இல்லை. எல்லோரும் வறுத்த கடலையை மென்றுவிட்டுப் படுத்தார்கள். மறுநாள் காலை சந்தையில், தவசி செம்பாயியின் முகத்தைப் பார்க்காமல், அவளுடைய மாவுச் சட்டியை எடுத்துக்கொண்டுபோய் ஊர் திரும்புகிற கூட்டத்தின் மாட்டில் கட்டினார். "வாக்குன்னா வாக்கு, தாயி" என்றார், சட்டியைப் பார்த்து.

எதிரே மலையேற்றம். காளியன் நுகத்தடியைத் தோளில் வைத்து வண்டியை நகர்த்தினான். ரெண்டடி ஏறியது, மூன்றடி இறங்கியது. அவன் திரும்பிச் செம்பாயியைப் பார்த்தான். அவள் அவன் தோளில் நுகத்தடி பதிந்திருந்த இடத்தைப் பார்த்தாள். பிறகு, பக்கத்தில் ஒன்றுமே சுமக்காமல் தழை கடித்துக்கொண்டிருந்த மயிலையைப் பார்த்தாள். அதன் முதுகில் இருந்ததையும் பார்த்தாள்.

"கொஞ்சம் நகருங்க" என்று புருஷனிடம் சொன்னாள்.

நுகத்தடியை அவன் தோளிலிருந்து எடுத்து மயிலையின் கழுத்தில் வைத்தாள்.

"வழுக்கும்" என்றது மயிலை, வாய் நிறையத் தழையோடு. "வழக்கமா வழுக்கும். வழுக்கணுமே!"

செம்பாயி அதன் வாலை முறுக்கினாள். மயிலை முன்னால் பாய்ந்தது. நுகத்தடி பின்னால் நகர்ந்து, அந்த மாவுக் குன்றில் முட்டி, அங்கேயே நின்றுகொண்டது. வண்டி மலையேறியது. மயிலை திட்டுவதற்கு வாயைத் திறந்தது. மூச்சு வாங்கியதில் வெறும் "ம்மா" தான் வந்தது.

அன்று முதல்தான் காளைக்குக் கழுத்தடியில் திமில் எழும்பி நிற்கிறது. தொட்டால் பிசைந்த மாவுபோல ஆடுகிறது. மயிலைக் காளைக்கு அந்த இடம் மட்டும் சாம்பல் அப்பியதுபோலக் கறுத்திருக்கிறது. அன்று முதல்தான் திமிலுக்கு முன்னால் நுகத்தடியும் வந்து உட்கார்ந்தது.

முதல் வளைவில் வண்டி திரும்புவதைத் தவசி நின்று பார்த்தார். பிறகு ஊர் திரும்புகிற கூட்டத்திடம் போய், மாட்டில் கட்டியிருந்த மாவுச் சட்டியை அவிழ்த்து எடுத்துத் தன் தலையில் வைத்துக்கொண்டு, வண்டிக்குப் பின்னால் ஓடினார்.