சின்னக் குழாய்

மாங்கரையூர் நகராட்சியின் பொறியியல் பிரிவுக்குத் தலைமை பூங்கோதை மேடம். வயதில் எங்களில் பாதிப் பேரைவிட இளையவர். ஆனாலும் வேலையைக் கற்றுக்கொடுத்தது அவர்தான் என்பதால் பிரிவில் அவரைக் குரு என்றே சொல்வோம். முகத்துக்கு நேரே சொன்னால் திட்டுவார்.

குருவுக்கு இரண்டு சீடர்கள். குடிநீருக்கு மெய்யப்பன், பாதாளச் சாக்கடைக்குத் தணிகைவேல். இருவருக்கும் ஐம்பது தாண்டிவிட்டது. ஒரே நாளில் வேலையில் சேர்ந்தவர்கள். மதியச் சாப்பாட்டை ஒன்றாக உட்கார்ந்து பிரித்தவர்கள், மெய்யப்பனின் மேல்நிலைத் தொட்டி எழும்பும் வரைக்கும்.

நான் அங்கே படம் வரைகிறவன். இரண்டு பேர் திட்டத்துக்கும் கோடு போட்டது நான்தான். ஆகவே இதைச் சொல்ல எனக்கு உரிமை உண்டு.

தொட்டியின் காலடியில் ஒரு கல்வெட்டு வைத்தார்கள். நகராட்சித் தலைவர் பேர், ஆணையர் பேர், எல்லாவற்றுக்கும் கீழே பொடி எழுத்தில் மெய்யப்பன் பேர். அன்றைக்கே தணிகைவேல் ஆபீசுக்கு வரும் வழியை மாற்றிக்கொண்டார். நேர்ச்சாலையை விட்டுவிட்டு மார்க்கெட்டைச் சுற்றி வந்தார். பாவம், மேல்நிலைத் தொட்டி என்பது எந்தச் சந்துக்குள் நுழைந்தாலும் தலைக்கு மேல் தெரியும். தெரியாத மாதிரி கட்டினால் தண்ணீர் ஏறாது.

"கல்லுல பேரு பாத்தியா?" என்று என்னிடம் கேட்டார்.

"பாத்தேன் சார். கண்ணாடி போட்டாத்தான் தெரியுது."

"தெரியுதுல்ல? என் வேலை முடிஞ்சா எங்க பேரு வைப்பாங்க சொல்லு. மேன்ஹோல் மூடிக்கு மேல வைப்பாங்களா? லாரி ஏறி மிதிக்கவா?"

நான் வரைபடத்துக்குத் திரும்பினேன். பதில் சொன்னால் அந்த மதியம் முழுக்கப் போய்விடும்.

அந்த வருஷம் அரசாங்கத்திலிருந்து வரும் நிதி ஒரே ஒரு திட்டத்துக்குத்தான் போதும் என்று ஆனது. போட்டியில் இரண்டு நின்றன. ஒன்று தணிகைவேலின் பாதாளச் சாக்கடை. இன்னொன்று ஊர்க் குப்பையைத் தரம் பிரிக்கும் கிடங்கு. கிடங்குத் திட்டத்தைத் தயாரித்தவரும் மெய்யப்பன்தான்.

"தண்ணியும் அவனே, குப்பையும் அவனே," என்றார் தணிகைவேல். "மிச்சம் இருக்கிற சுடுகாட்டையும் அவன்கிட்டயே குடுத்துடச் சொல்லு."

பாதாளச் சாக்கடையின் கணக்கு எளிமையானது. வீட்டுக்குள் போகிற தண்ணீரில் பெரும்பங்கு கழுவி, குளித்து, கொப்பளித்து வெளியே வந்துவிடும். ஆளுக்கு எத்தனை லிட்டர் உள்ளே போகிறதோ அதை வைத்துத்தான் மண்ணுக்கடியில் பதிக்கும் குழாயின் அகலம். மெய்யப்பன் திட்டப்படி இனி ஆளுக்கு நூற்று முப்பத்தைந்து லிட்டர் வரும். தணிகைவேல் எழுபது என்று போட்டுக்கொண்டு வந்தார்.

"எழுபதா சார்?"

"இப்ப அவ்வளவுதானே வருது."

"மெய்யப்பன் சார் புதுத் தண்ணி விட்டுட்டா?"

"விடட்டும். அவன் விடற தண்ணி தெருவுல கடைசி வீடு வரைக்கும் போகட்டும். அப்புறம் பாப்போம். அவன் சொன்னதை நம்பி நான் குழாய் போடணுமா?"

அவர் சொன்ன அளவில்தான் நான் வரைய முடியும். வரைந்தேன். குழாய் சின்னதானதும் செலவு இறங்கியது. இந்த வருஷப் பணத்துக்குள் கச்சிதமாக அடங்கியது. பெரிய குழாய் என்றால் அடங்கியிருக்காது, குப்பைக் கிடங்கு முந்திக்கொண்டிருக்கும். தணிகைவேல் அன்றைக்கு எனக்கு வடை வாங்கிக் கொடுத்தார். அவர் முகத்தில் அப்படியொரு சிரிப்பைப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

மன்றக் கூட்டத்துக்கு முன்னால் குருவின் கையெழுத்து வேண்டும். கோப்பை எடுத்துக்கொண்டு போனோம்.

பூங்கோதை மேடம் ஒவ்வொரு தாளாகப் புரட்டினார். ஒரு தாளில் கை நின்றது. எந்தத் தாள் என்று எனக்குத் தெரியும். அவர் ஒன்றும் கேட்காமல் அடுத்த தாளுக்குப் போனார்.

தணிகைவேலுக்குத் தைரியம் வந்துவிட்டது.

"மேடம், ஒண்ணு கேக்கலாமா?"

"கேளுங்க சார்."

"ரெண்டு பேரும் உங்ககிட்டதான் கத்துக்கிட்டோம். அவனுக்கு நான் எதுல குறைச்சல்? அவன் பேரை ஊரே சொல்லுது. என் பேரை எப்ப சொல்லும்?"

மேடம் கோப்பை மூடினார்.

"நாளைக்குக் குதிரைக்காரத் தெருவுல முதல் தண்ணி திறக்கிறாங்க. எனக்குக் கலெக்டர் ஆபீஸ்ல வேலை இருக்கு. என் சார்பா நீங்க போய் மெய்யப்பனுக்கு மாலை போட்டுட்டு வாங்க."

"நானா?"

"நீங்கதான்."

"என் கேள்விக்குப் பதில் மேடம்?"

"போட்டுட்டு வந்து திரும்பக் கேளுங்க."

"கையெழுத்து?"

"அதுவும் அப்பத்தான்."

மறுநாள் காலையில் பூக்கடையில் கொடுத்தது ஆளுயர ரோஜா மாலை.

"சம்பங்கி போதாதா?" என்றார் தணிகைவேல்.

"மேடம் போன்ல சொல்லி வச்சிருக்காங்க சார். பணமும் குடுத்தாச்சு," என்றார் பூக்காரர்.

ஸ்கூட்டரைத் தணிகைவேல் ஓட்டினார். பின்னால் நான் மாலையைக் குழந்தை மாதிரி மடியில் வைத்திருந்தேன். வழியில் இருந்த ஒரு பள்ளத்தையும் அவர் விடவில்லை. பூ உதிரட்டும் என்றுதான் ஓட்டினார், சந்தேகமே இல்லை. நல்ல கட்டு, ஓர் இதழ் உதிரவில்லை.

குதிரைக்காரத் தெரு வாசல் தெளித்துக் காத்திருந்தது. முதல் வீட்டுக் குழாய்க்கு மஞ்சள் பூசிக் குங்குமம் வைத்திருந்தார்கள். திறந்ததும் காற்று சீறியது. செம்மண் நிறத்தில் கொஞ்சம் கொட்டியது. பிறகு கண்ணாடி போலத் தண்ணீர் வந்தது. பெண்கள் குலவை போட்டார்கள். தேங்காய் உடைத்தார்கள். ஒருவர் மெய்யப்பனின் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். தணிகைவேல் வேறு பக்கம் பார்த்தார். அங்கே தொட்டி நின்றது.

"சார், மாலை," என்றேன்.

வாங்கினார். மெய்யப்பன் உயரமானவர், குனிந்து தலையைக் கொடுத்தார். தணிகைவேல் போட்ட வேகத்தில் மாலை ஒரு காதில் மாட்டிக்கொண்டு தொங்கியது.

"நீ வந்ததே போதும் தணிகை," என்ற மெய்யப்பன் மாலையைக் கழற்றித் தணிகைவேலின் கழுத்தில் போட வந்தார். "உன் வேலையும் சேந்தாத்தான் இது முழுசாகும்."

தணிகைவேல் பின்னால் நகர்ந்தார்.

"வேணாம்ப்பா. நமக்குச் சாக்கடை வாசனை பழகிப்போச்சு. ரோஜா ஒத்துக்காது."

மெய்யப்பனின் முகம் சுருங்கிவிட்டது. மாலையைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றார். எனக்கே அங்கே நிற்கப் பிடிக்கவில்லை.

கிளம்பலாம் என்றால் தெருவை அடைத்துக் கூட்டம். கடைசிவரை நடந்து அந்தப் பக்கமாக வெளியேறலாம் என்று நடந்தோம். பல வருஷமாகக் குடத்தை வரிசையில் வைத்துக் காத்திருந்த தெரு அது. தண்ணீரைப் பார்த்ததும் கை நிற்கவில்லை. குடம், அண்டா, டிரம் எல்லாம் நிறைத்த பிறகு பாய், போர்வை, ஜன்னல், சைக்கிள் என்று கழுவ ஆரம்பித்தார்கள். ஒருவர் ஆட்டைக் குளிப்பாட்டிக்கொண்டிருந்தார். கழுவிய தண்ணீரெல்லாம் வாய்க்காலில் இறங்கி எங்களோடு கூடவே நடந்து வந்தது. தெரு பள்ளமாகப் போகப் போக அது எங்களை முந்திக்கொண்டது.

கடைசி வீட்டில் வாய்க்கால் நிறைந்து வாசலைத் தாண்டியிருந்தது. முன்னறையில் தையல் மெஷின், அதன் கால் கறுப்புத் தண்ணீரில் நின்றது. ஓர் அம்மா வெட்டிய துணிகளை அள்ளிக் கட்டில்மேல் போட்டுக்கொண்டிருந்தார். எங்கள் கழுத்தில் தொங்கிய நகராட்சி அட்டையைப் பார்த்ததும் வெளியே வந்தார்.

"பேரு நசீமா சார். தண்ணி வேணாம்னு சொல்ல மாட்டேன், தப்பா எடுத்துக்காதீங்க. எங்க குழாயிலயும் இப்ப நல்லாத்தான் வருது. ஆனா தெருவே கழுவி என் வீட்டுல ஊத்துது. இது போறதுக்கு ஒரு வழி சொல்லுங்க."

தணிகைவேலின் முகம் மலர்ந்ததை நான் பார்த்தேன். மறைக்கக்கூட அவருக்குத் தோன்றவில்லை.

"பாத்தியா?" என்றார் என்னிடம். "தேங்காய் உடைச்சாங்களே, இங்க வந்து உடைக்கச் சொல்லு. அவன் லட்சணம் இதுதான்." பிறகு அந்த அம்மாவிடம் குனிந்து பேசினார். "கவலைப்படாதீங்கம்மா. பாதாளச் சாக்கடை வரப்போகுது. என் திட்டம்தான் அது. நானே போட்டது."

"நெசமாவா சார்?"

"அடுத்த வருஷம் உங்க வாசல்ல குழாய் இறங்கும்."

"நல்லா இருப்பீங்க. அது வந்துட்டா இந்தத் தண்ணி முச்சூடும் அதுல போயிருமா சார்?"

போயிரும் என்று சொல்ல வாயைத் திறந்தார். கோப்பில் போட்ட எழுபது குறுக்கே வந்து நின்றது. அந்த அம்மா என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். தண்ணீர் தணிகைவேலின் செருப்பைத் தாண்டிக் கணுக்காலுக்கு ஏறியிருந்தது.

"மெஷினைத் தூக்கிடலாம்," என்றார் கடைசியில்.

மூவரும் சேர்ந்து மெஷினைத் தூக்கிக் கட்டிலோரம் ஒரு பெட்டிமேல் வைத்தோம். அந்த அம்மா டீ போடவா என்று கேட்டார். தணிகைவேல் வேண்டாமென்று கையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார்.

திரும்பும்போது அவர் மார்க்கெட்டைச் சுற்றவில்லை. தொட்டிக்குக் கீழே இருக்கும் நேர்ச்சாலையிலேயே வண்டி போனது. கவனித்துத்தான் ஓட்டினாரா, கவனிக்காமல் ஓட்டினாரா தெரியவில்லை.

குரு ஆபீசுக்கு வந்திருந்தார். கோப்பு மேஜைமேல் மூடியபடி இருந்தது.

"மாலை போட்டாச்சா?"

"போட்டாச்சு மேடம்."

"தண்ணி நல்லா வந்துச்சா?"

"வந்துச்சு." தணிகைவேல் கொஞ்சம் நிறுத்தினார். "கடைசி வீடு வரைக்கும் வந்துச்சு."

"கடைசி வீட்டுல யாரு?"

"நசீமான்னு ஒரு அம்மா. தைக்கிறாங்க. மெஷின் தண்ணியில நின்னுச்சு."

"உங்க குழாய் பதிச்சதும் வடிஞ்சிரும்ல?"

தணிகைவேல் மூடிய கோப்பைப் பார்த்தார். நான் என் ஈரச் செருப்பைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"பெரிய குழாய் போட்டா இந்த வருஷப் பணத்துக்குள்ள அடங்காது மேடம்," என்றார்.

"அடங்காது."

"குப்பைக் கிடங்கு முந்திக்கும்."

"முந்திக்கும்."

"அங்கயும் கல்லுல அவன் பேரு வரும்."

"வரும்."

"அடுத்த வருஷம் பணம் வரும்னு என்ன நிச்சயம்? நான் ரிட்டயர் ஆகறதுக்குள்ள என் வேலை மண்ணுக்குள்ள இறங்காமலே போயிடலாம்."

"போகலாம்."

தணிகைவேல் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார். மேடம் உட்காரச் சொல்லாமல் அவர் உட்கார்ந்தது அதுதான் முதல் தடவை.

"வயிறு எரியுது மேடம். உங்ககிட்ட மறைச்சு என்ன ஆகப்போகுது. அவன் தொட்டியைப் பாத்தா எரியுது. அவன் கழுத்துல நானே போட்ட மாலையைப் பாத்தா எரியுது. அந்தம்மா வீட்டுல சாக்கடை ஏறினதைப் பாத்து ஒரு நிமிஷம் சந்தோஷப்பட்டேன், அதை நினைச்சா அதுவும் எரியுது. நான் ஒண்ணும் பெருசா கேக்கல. இந்த ஊர்ல நாலு பேரு என் பேரைச் சொல்ல மாட்டாங்களா?"

பூங்கோதை மேடம் கோப்பைத் திறந்தார். நேற்று கை நின்ற அதே தாளை எடுத்து அவர் பக்கம் திருப்பி வைத்தார். மூடி கழற்றிய பேனாவை எழுபதுக்குப் பக்கத்தில் வைத்தார்.

"ஏன் சொல்ல மாட்டாங்க சார்? இந்த எழுபதை அப்படியே விட்டுடுங்க. மெய்யப்பன் தண்ணி திறக்கிற ஒவ்வொரு காலையிலயும் தெருத்தெருவா மேன்ஹோல் மூடி பொங்கும். ஊரே வாசல்ல வந்து நின்னு உங்க பேரைத்தான் சொல்லும்."