கனகமணியின் பேரில்

முத்துரத்தினம் மடத்துக்கு வந்து சேர்ந்தபோது காலை வகுப்பு முடிந்து எல்லாரும் கலைந்திருந்தார்கள். கூடத்தில் வேதநாயகி அம்மா மட்டும் பாய்களைச் சுருட்டிக்கொண்டிருந்தார்.

அவர் முத்துரத்தினத்தைவிட வயதில் சிறியவர். முன்பு கல்லூரியில் தாவரவியல் நடத்தியவர். வேலையை விட்டுவிட்டு, காவிரிக்கரையில் இருந்த இந்தச் சின்ன மடத்துக்கு வந்து தங்கிவிட்டார். கரூரில் போர்வை வியாபாரம் செய்த முத்துரத்தினம் மனைவியோடு ஒருமுறை சும்மா எட்டிப் பார்க்க வந்து, அவர் பேச்சில் மனம் நின்று, அவரையே குருவாக ஏற்றுக்கொண்டார். தன்னைவிடச் சிறியவரை அம்மா என்று கூப்பிட முதலில் கூச்சமாக இருந்தது. பிறகு பழகிவிட்டது.

"முகம் சரியில்லையே" என்றார் குரு.

"தூக்கம் இல்லைங்கம்மா. வரித்துறையிலிருந்து கடிதாசி வந்திருக்கு."

"உங்களுக்கா?"

"என் தங்கச்சி பேருக்கு."

"அவங்க என்ன வியாபாரம் பண்றாங்க?"

"அவ ஒண்ணும் பண்றதில்லைங்க. நான்தான் அவ பேர்ல பண்றேன்."

பிறகு ஒவ்வொன்றாகச் சொன்னார். கடையில் உட்கார்ந்து விற்ற காலத்தில் வியாபாரம் கையளவுதான் இருந்தது. ஆன்லைனில் போட ஆரம்பித்ததும் போர்வையும் துண்டும் வடக்கே எங்கெங்கோ போயின. விற்பனை ஏற ஏற வரியும் கணக்கும் கூடவே ஏறும் என்று பயம் வந்தது. எல்லாவற்றையும் ஒரே பேரில் காட்டாதே, இன்னொரு பேரில் ஒரு கடையைத் திற என்று கூட்டாளி ஒருவர் யோசனை சொன்னார். முத்துரத்தினம் தங்கை கனகமணியின் பான் கார்டை வாங்கினார். அவள் பேரில் வங்கிக் கணக்கு, அவள் பேரில் கடை. அந்தக் கடையின் விற்பனையை அவர் எங்கேயும் காட்டவில்லை. யார் பேரில் எவ்வளவு விற்றது என்று விற்கிற தளமே அரசாங்கத்துக்குச் சொல்லிவிடும் என்பது அவருக்குத் தெரியாது.

"தங்கச்சி என்ன சொன்னாங்க?"

"என்ன சொல்லுவா? அண்ணன் கேட்டா எங்கே கையெழுத்துன்னு கேக்கறவ. வீட்டுக்காரர் லாரி விபத்துல போயிட்டார். பிள்ளையில்லை. வேலாயுதம்பாளையத்துல தனியா இருக்கா. பணம் எடுக்கணும்னா ஓடிபி அவ போனுக்குத்தான் வரும். நான் கூப்பிடுவேன். எண்ணைப் படிச்சுச் சொல்லுவா. வெச்சிருவேன்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதாங்க."

குரு பாய்களைச் சுவரோரம் சாய்த்து வைத்தார்.

"எங்கிட்ட என்ன கேட்க வந்தீங்க?"

"இந்தப் பயம் போக ஒரு வழி சொல்லுங்கம்மா. படுத்தா நெஞ்சு அடிச்சுக்குது. தியானத்துல உட்கார்ந்தாலும் கடிதாசிதான் கண்ணுல நிக்குது."

சமையல்கட்டில் சாப்பாட்டுக்கு மணி அடித்தார்கள்.

பந்தியில் முத்துரத்தினம் உட்கார்ந்தார். பரிமாறுகிறவரைக் கூப்பிட்டு குரு சொன்னார்: "இவருக்குப் பக்கத்துல இன்னொரு இலை போடுங்க. கனகமணிங்கற பேருக்கு."

இலை விழுந்தது. சோறு, பருப்பு, அவரைக்காய்ப் பொரியல், ரசத்துக்கு ஒரு கிண்ணம். பக்கத்தில் ஆளில்லை. பந்தியில் இருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள்.

முத்துரத்தினம் தன் இலையை முடித்ததும் குரு, "அதையும் சாப்பிடுங்க" என்றார்.

"எனக்கு வயிறு நிறைஞ்சிருச்சுங்கம்மா."

"சாப்பிடுங்க."

அவர் இலையை இழுத்துக்கொண்டார். சோறு தொண்டையில் அடைத்தது. தண்ணீரைக் குடித்துக் குடித்து உள்ளே தள்ளினார். பாதிக்கு மேல் பொரியலின் வாசனையே குமட்டியது. யாரும் எழுந்திருக்கவில்லை. அவர் கை கழுவும்வரை குரு அங்கேயே நின்றார்.

"கனகமணி பேர்ல போட்ட இலை காலியாயிருச்சு. அவங்களுக்குப் பசி ஆறுச்சா?"

முத்துரத்தினம் தலை குனிந்தார்.

"தெரியாதில்லையா? போய்க் கேட்டுட்டு வாங்க."

*

வேலாயுதம்பாளையத்தில் கனகமணியின் வீடு பூட்டியிருந்தது. பக்கத்து வீட்டுப் பெண், "வேலையிலிருந்து வர நேரந்தானுங்க, இருங்க" என்றாள். முத்துரத்தினத்துக்குத் தூக்கிவாரிப் போட்டது. வேலையா? அவளுக்கு ஏது வேலை?

பொழுது சாயும் நேரத்தில் கனகமணி வந்தாள். நடையில் ஒரு சாய்வு இருந்தது. வலது கால் வீங்கியிருந்தது. அண்ணனைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது, உடனே பயந்தது.

"ஏனுங்கண்ணா, ஆருக்காச்சும் உடம்புக்கு..."

"அதெல்லாம் இல்லை. சாப்பிட்டியா கனகு?"

அவள் சாவியைக் கையில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றாள். "என்னுங்கண்ணா, புதுசா இதெல்லாம் கேக்கறீங்க?"

உள்ளே போய் உட்கார்ந்ததும் கேட்டார். "என்ன வேலைக்குப் போறே?"

"இங்க ஒரு கம்பெனில மடிப்பு வேலைங்க. நின்னுட்டே செய்யணும். அதான் கால் இப்படி."

"என்னத்தை மடிக்கறே?"

"போர்வைதானுங்க."

முத்துரத்தினம் தரையைப் பார்த்தார்.

"உதவித்தொகை வருதில்ல? அப்புறம் எதுக்கு வேலை?"

கனகமணி அடுப்பைப் பற்றவைக்கத் திரும்பிக்கொண்டாள். முதுகைக் காட்டிக்கொண்டே சொன்னாள். "அது நின்னு போச்சுங்கண்ணா."

"எப்போ?"

"அது ஆச்சு, போன வருசம். எதுக்கு நின்னுச்சுன்னு ஆபீசுல போய்க் கேட்டேன். அங்க கம்ப்யூட்டரைப் பாத்துட்டு, அம்மா உங்க பேர்ல லட்சக்கணக்குல போர்வை வித்திருக்கு, கைம்பெண் உதவித்தொகை உங்களுக்கு எதுக்குன்னாங்க. வரிசைல நின்னவங்க சிரிச்சாங்க. ஆரோ, முதலாளியம்மா போலன்னு சொன்னாங்க."

"நீ என்ன சொன்னே?"

"ஆமாங்க, என் யாவாரந்தான்னு சொன்னேன். எழுதிக் குடுக்கச் சொன்னாங்க. எழுதிக் குடுத்தேன். இல்லைன்னு சொன்னா உங்களைப் புடிச்சுக்குவாங்கல்ல?"

அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் இறக்கி வைத்தாள்.

"ஏன் கனகு எங்கிட்டச் சொல்லலை? தினம் போன்ல பேசறோமே."

"பேசறோமா?" என்றாள். அதில் குற்றம் சாட்டும் தொனி இல்லை. உண்மையாகவே யோசித்துப் பார்ப்பதுபோல இருந்தது. பிறகு தம்ளரை அவர் முன்னால் வைத்தாள். "சொன்னா அந்தக் கணக்கை மூடிருவீங்கண்ணா. அப்புறம் எதுக்கு எனக்குப் போன் பண்ணுவீங்க?"

முத்துரத்தினம் காப்பியைத் தொடவில்லை. அது ஆறி ஆடை கட்டியது.

*

ஆடிட்டர் நாச்சிமுத்து எல்லாவற்றையும் கேட்டுவிட்டு எளிதான வழி ஒன்று சொன்னார்.

"உங்க தங்கச்சியே எழுதிக் குடுத்திருக்காங்களே. நல்லதாப் போச்சு. வியாபாரம் அவங்களோடதுன்னே பதில் போடுவோம். கொஞ்சமா லாபம் காட்டி வரி கட்டிட்டா முடிஞ்சுது. உங்களுதுன்னு சொன்னீங்கன்னா பழைய வருசமெல்லாம் கிளறுவாங்க. வரி, வட்டி, அபராதம் எல்லாம் சேர்ந்து உங்களைக் கவுத்துரும்."

கனகமணியும் அதையே சொன்னாள். "காயிதத்தைக் கொண்டாங்கண்ணா. எங்கே கையெழுத்து?"

முத்துரத்தினம் இரண்டு நாள் யாரோடும் பேசாமல் சுற்றினார். மூன்றாம் நாள் ஆடிட்டரிடம் போய், "வியாபாரம் என்னுது. அவ பேரை நான் எடுத்துக்கிட்டேன். அப்படியே எழுதுங்க" என்றார்.

ஆடிட்டர் சொன்னபடியே ஆயிற்று. பழைய வருசங்கள் கிளறப்பட்டன. குடோன் கட்ட வாங்கிப் போட்டிருந்த இடம் விலைக்குப் போனது. வியாபாரம் பாதியாகச் சுருங்கியது. மனைவி பல நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. கடைசித் தவணையையும் கட்டிவிட்டு வெளியே வந்தபோது அவருக்குப் பயம் சுத்தமாகப் போயிருந்தது. அன்று இரவு நன்றாகத் தூங்கினார்.

ஆனால் கனகமணிக்கு உதவித்தொகை திரும்ப வரவில்லை. அவள் தன் கையாலேயே எழுதிக் கொடுத்த தாள் குறுக்கே நின்றது. முன்பு அப்படிச் சொன்னீங்க, இப்போ இப்படிச் சொல்றீங்க, எது நிஜம் என்று கேட்டார்கள். விசாரித்துச் சொல்கிறோம் என்றார்கள். விசாரித்துக்கொண்டே இருந்தார்கள்.

முத்துரத்தினம் பணம் கொண்டுபோய்க் கொடுத்தார். அவள் வாங்கவில்லை.

"வேண்டாங்கண்ணா. கையும் காலும் இருக்குது."

"கால்தான் வீங்கிக் கிடக்குதே, கனகு."

"அது இப்படித்தான். ராத்திரி தூக்கி வெச்சுப் படுத்தா வடிஞ்சிரும்."

கோபப்பட்டுத் திட்டியிருந்தால் அவருக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவள் திட்டவில்லை. பழையபடி மரியாதையாகத்தான் பேசினாள். வேலையை விடவும் இல்லை.

*

மழை பிடித்த ஒரு நாளில் முத்துரத்தினம் மறுபடி மடத்துக்கு வந்தார். குரு கூடத்தின் ஓரத்தில், ஓடு ஒழுகும் இடத்தில் அண்டா வைத்துக்கொண்டிருந்தார். இவரும் கூட ஒரு கை பிடித்தார். பிறகு இருவரும் உட்கார்ந்தார்கள்.

"கேட்டுட்டு வாங்கன்னு அனுப்பினீங்க. கேட்டுட்டேன்."

"ம்."

"எல்லாத்தையும் என் பேருக்கு மாத்திட்டேன். வரி கட்டிட்டேன். அபராதமும் கட்டிட்டேன். உங்க கணக்கு நேராயிருச்சுன்னு அவங்களே எழுதிக் குடுத்துட்டாங்க."

குரு தலையசைத்தார்.

"தினமும் அவளைக் கூப்பிடறேன். சாப்பிட்டியான்னு கேக்கறேன். சாப்பிட்டேன்னு சொல்லுறா. கால் எப்படியிருக்குன்னு கேக்கறேன். பரவாயில்லைங்கறா. அதுக்கு மேல அவளுக்கும் பேச ஒண்ணுமில்லை, எனக்கும் வரலை. பணம் குடுத்தா வாங்கமாட்டேங்கறா. வீட்டுக்கு வந்து இருன்னா வரமாட்டேங்கறா. எம்மேல கோபமான்னு கேட்டா, ஐயோ அப்படியெல்லாம் இல்லைங்கண்ணாங்கறா. நிஜமாவே இல்லை. அதுதாங்கம்மா தாங்க முடியலை."

மழை வலுத்தது. அண்டாவில் சொட்டும் சத்தம் மாறியது.

"அரசாங்கத்துக்குக் கட்ட ஆபீசு இருந்துச்சு. வழி சொல்ல ஆடிட்டர் இருந்தார். இவளுக்குச் சேர வேண்டியதை நான் எங்கே கொண்டுபோய்க் கட்டறது? நேரம் தப்பிப் போச்சுங்களா?"

குரு எழுந்து, ஒழுகும் இடத்துக்கு நேராக அண்டாவை நகர்த்தி வைத்தார்.

"அதுக்குக் கடைசித் தேதி கிடையாதுங்க" என்றார். "கட்டி முடிச்சாச்சுன்னு ரசீதும் கிடையாது."