பட்டியலில் முதல் பெயர்

சாயந்தரம் ஐந்து மணிக்கு இன்ஜினியரிங் கவுன்சிலிங்கின் விருப்பப் பட்டியலைப் பூட்டிவிடுவார்கள். அதற்குப் பிறகு சாமியே இறங்கி வந்தாலும் ஒரு கல்லூரிப் பெயரை மேலே கீழே நகர்த்த முடியாது. மணி நாலு. இசக்கியம்மாளின் உள்ளங்கை வேர்வையில், பட்டியல் எழுதிய தாள் ஓரமெல்லாம் நைந்து போயிருந்தது.

அவள் வீட்டில் கல்லூரி வாசலை மிதித்தவர் யாரும் இல்லை. அப்பா லோடுமேன். அம்மா பீடி சுற்றுகிறவள். சந்தேகம் கேட்க அவளுக்கு இருந்த ஒரே ஆள் கணக்கு டீச்சர் பிலோமினா. அந்த டீச்சருக்கோ வாய் கத்தரிக்கோல்.

டீச்சர் தன் வீட்டுக் கம்ப்யூட்டரைப் போட்டுவிட்டுத் தாளை வாங்கிப் பார்த்தாள்.

“ஏட்டி, உனக்கு எந்தக் காலேஜ் வேணும்?”

“சென்னையில அந்தப் பெரிய காலேஜ், டீச்சர்.”

“அது ஏன் ஒன்பதாவதாக் கிடக்கு? முதல்ல பக்கத்து ஊர்க் காலேஜ்லா உட்கார்ந்திருக்கு?”

“என் ரேங்குக்கு அது உறுதி, டீச்சர். பெருசை மேல போட்டுக் கிடைக்காமப் போனா, சின்னதும் கையைவிட்டுப் போயிரும்லா? சீட்டு இல்லேன்னா அம்மா பீடித்தட்டைத் தூக்கி என் மடியில வச்சிருவா.”

“கம்ப்யூட்டர் மேல இருந்து ஒவ்வொண்ணாப் பார்த்துட்டு வரும். முதல்ல உள்ளது கிடைச்சா அதைக் கொடுத்துட்டு நின்னுரும். கிடைக்கலேன்னாத்தான் அடுத்தது. சின்னது எங்கயும் ஓடிப் போகாது. இதோட பத்து தடவை சொல்லிட்டேன்.”

“புரியுது டீச்சர். ஆனாலும்…”

“என்ன ஆனாலும்?”

இசக்கி சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தாள்.

டீச்சர் அவளை ஏற இறங்கப் பார்த்தாள்.

“சரி, இங்க இருக்கிறது ஒரு சேர். நீ உட்கார இன்னொண்ணு வேணும். எதிர்வீட்டு ஸ்டெல்லாகிட்டப் போ. குஷன் சேர் கேளு. இல்லேன்னா பிளாஸ்டிக் சேர். அதுவும் இல்லேன்னா ஸ்டூல்.”

மணி ஓடுகிற நேரத்தில் இது என்ன கூத்து என்று இசக்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டீச்சரிடம் அதைச் சொல்ல முடியுமா? ஓடினாள். ஓடிய வேகத்தில் திரும்பி வந்தாள், கையில் ஒரு ஸ்டூலோடு. போட்டு உட்கார்ந்தால் ஒரு கால் தரையில் படாமல் ஆடியது.

“குஷன் சேர் இல்லையாமா?”

இசக்கி குனிந்துகொண்டாள்.

“பிளாஸ்டிக்?”

“கேட்கலை, டீச்சர்.”

“ஏன்?”

“குஷன் சேரைத் துணி போட்டு மூடி வச்சிருந்தாங்க. நமக்கு எங்க தரப்போறாங்கன்னு… ஸ்டூலுன்னா சட்டுன்னு தந்துருவாங்கல்லா?”

“ஸ்டெல்லா ஒண்ணும் சொல்லலையா?”

“‘ஸ்டூல் போதுமா’ன்னு கேட்டாங்க.”

“நீ?”

“‘தாராளம் அக்கா’ன்னேன்.”

டீச்சர் சிரிக்கவில்லை. திட்டவும் இல்லை. கீபோர்டை அவள் பக்கம் நகர்த்தி வைத்தாள்.

மணி நாலே கால்.

ஆடுகிற ஸ்டூலில் காலை ஊன்றிக்கொண்டு இசக்கி திரையில் ஏற்றியிருந்த பட்டியலில் சென்னைக் கல்லூரியைப் பிடித்தாள். எட்டாவதாக ஏற்றினாள். ஏழு. ஆறு. மூன்றாவது இடத்தில் விரல் நின்றுவிட்டது. முகத்தைத் துப்பட்டாவால் துடைத்துக்கொண்டு மறுபடி தள்ளினாள். பக்கத்து ஊர்க் கல்லூரி கீழே இறங்கியது. சென்னைக் கல்லூரி முதலாவதாக ஏறி நின்றது.

சேமிக்கும் பொத்தான் வரை விரலைக் கொண்டுபோனவள் டீச்சர் பக்கம் திரும்பினாள்.

“டீச்சர், காலேஜ்காரங்க இல்லேன்னு சொல்லிட்டா?”

“இல்லேன்னு சொல்றது அவங்க வேலை. அதையும் நீயே ஏன் இழுத்துப் போட்டுச் செய்யுத?”